சேஃப்ரி அண்ணையின் ஜீப்

அரசாங்கம் கேட்ட பரீட்சைக்கே ஒளித்துத் திரிந்தவர்களைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறேன். அரசாங்கம் கேட்காத பரீட்சைக்கு வருடாவருடம் தன் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தி, முடிவு வரும்வரை பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் இருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். தொண்ணூறுகளில், கனடாவின் மல்வேர்னில், அவருடைய வீட்டு பேஸ்மென்ற்றில் நான் குடியிருந்தேன்.

பழைய வாகனம் கைமாறும்போது மட்டும்தான் அங்கே கராஜில் காட்டி, ஓட்டத் தகுதியானது என்று பத்திரம் எடுக்கவேண்டும். அதற்குச் சேஃப்ரி என்று பெயர். அண்ணை ஜீப்பை விற்கிற எண்ணத்திலேயே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஒக்ரோபரும், பனி விழமுன், எட்டுப் பேர் ஏறக்கூடிய அந்தப் பச்சை ஜீப்புக்குச் சேஃப்ரி எடுப்பார். அதனால் சனம் அவருக்குச் சேஃப்ரி அண்ணை என்று பெயர் வைத்தது. சொந்தப் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

“என்ரை நாலு பிள்ளைப்பேறுக்கும் இந்த மனுசன் இப்பிடிப் பயப்பிடேல்லை” என்பார் அவர் மனைவி.

பயப்படக் காரணம் இருந்தது. ஜீப் எந்த வருடமும் முதல் முறையிலேயே தேறியதில்லை. ஒரு வருடம், முன் கண்ணாடியை மறைக்கிறது என்று சாமிகளை எல்லாம் இறக்கச் சொன்னார்கள். ஏழு சாமிகள். அண்ணை அவற்றை மடியில் வைத்துக்கொண்டு கராஜ் வாசலில் குந்தியிருந்தார். அடுத்த வருடம் தரையில் துரு தின்ற ஓட்டையைப் பால்மா ரின் தகட்டால் ஒட்டிவிட்டுக் கொண்டுபோனார். அடியில் படுத்த மெக்கானிக் எழும்பி வந்து, “உன் வாகனத்துக்குக் கீழே ஒரு மாடு நிற்கிறது” என்றான். அவன் பெயர் டோனி. சிரிக்கவே தெரியாத, கறாரான போர்த்துக்கீசன். அதனாலேயே அண்ணைக்கு அவன்மேல் கடவுளுக்கு அடுத்த நம்பிக்கை.

மூன்றாவது வருடம் பரீட்சை ஜீப்புக்கு மட்டுமல்ல, எனக்கும்தான். என் அக்காளும் இரண்டு பிள்ளைகளும் பல நாடு சுற்றி, அமெரிக்கப் பக்கம் பஃபலோவரை வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கனடா எல்லையில் விசாரணை. நாலு மணிக்குள் கூட்டிப்போக ஆள் வரவேண்டும் என்று செய்தி வந்தது. வராவிட்டால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் நான் நம்பினேன். எனக்கு வாகனம் இல்லை, தெரிந்தவர்களுக்கெல்லாம் வேலை. அண்ணை மட்டும், “நான் வாறன்” என்றார். பிறகு, “வெள்ளி விடியச் சேஃப்ரி எடுத்துப்போட்டுப் போவம்” என்றார்.

“அண்ணை, போன வருசம் பாஸ் பண்ணினதுதானே?”

“போன வருசம் நீரும் நல்லாத்தான் இருந்தனீர். இப்ப கண்ணாடியிலை பாரும்.”

வெள்ளி காலை ஒன்பது மணிக்குக் கராஜ் வாசலில் அண்ணை ஒரு தேங்காயை எடுத்தார். படீரென்று உடைத்து, தண்ணீரை ஜீப்பின் மூக்கில் ஊற்றிக் கும்பிட்டார். டோனி உள்ளே இருந்ததால் காணவில்லை. நான் எல்லைக்கு ரெலிபோன் எடுக்கத் தெருவுக்குப் போனேன். லைன் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது ஜீப் மேலே தூக்கப்பட்டிருந்தது, அண்ணை பழைய ரயர் ஒன்றில் இடிந்துபோய் இருந்தார்.

“ரேடியேற்றர் ஒழுகுதாம் தம்பி. நாளைக்குத்தான் மாத்தலாமாம்.”

நிமிர்ந்து பார்த்தேன். முன் பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“அண்ணை! அது நீங்கள் ஊத்தின தேங்காய்த் தண்ணியெல்லே!”

“டோனி பிழை சொல்லமாட்டான்.”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சொட்டை விரலில் ஏந்தி நக்கினேன். டோனி பாய்ந்து வந்து கையைத் தட்டினான்.

“இனிக்குது!” என்று இரண்டு மொழியிலும் கத்தினேன்.

“ரேடியேற்றர் தண்ணீரில் கலக்கிற உறைதடுப்பு மருந்தும் இனிக்கும். அதைக் குடித்துத்தான் நாய்கள் சாகின்றன” என்றான் டோனி.

அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, வயித்தைப் பிரட்டுதோ? உம்மடை அக்காவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”

மணி பத்தரை ஆகிவிட்டது. ஓடிப்போய்த் தேங்காய்ப் பாதிகளைக் கொண்டுவந்து காட்டி, எனக்குத் தெரிந்த நாலு மொழிச் சொற்களையும் கலந்து டோனிக்கு விளக்கினேன். அவன் எல்லாவற்றையும் துடைத்தான். இறக்கி, எஞ்சினை ஓடவிட்டான். அரை மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் குந்தியிருந்து தரையைப் பார்த்தோம். சொட்டு விழவில்லை. டோனி தேங்காயில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

நான் பாய்ந்து ஏறினேன். அண்ணை ஏறவில்லை. ஒவ்வொரு கதவாக உள்ளே போய், சாத்தி, திறந்து, வெளியே வந்துகொண்டிருந்தார்.

“அண்ணை, பதினொண்டரையாச்சு! டோனிதான் பாத்திட்டானே!”

“அவன் வெளியால நிண்டு பாத்தவன்.” மூன்றாவது கதவைச் சாத்தினார். “வந்த வழியிலை, எங்களை ஏத்தின லொறியை வெளியாலதான் பூட்டினவங்கள். பதினொரு பேர். உள்ளுக்கிருந்து திறக்கேலாது. ரெண்டு நாள்.”

கதவு திறந்தது. வெளியே வந்தார்.

நானும் அப்படி ஒரு லொறியில் வந்தவன்தான். வந்து சேர்ந்த பிறகு அதைப் பற்றி நினைத்ததில்லை. இறங்கி, நாலாவது கதவை நானே உள்ளிருந்து திறந்து பார்த்தேன்.

எல்லைக்குப் போனபோது மூன்று மணி தாண்டிவிட்டது. அக்காள் பிள்ளைகளோடு வாங்குப் பலகையில் இருந்தாள். கையெழுத்துகள் முடிந்து வெளியே வந்ததும் சின்னவள் ஜீப்பைக் கண்டு நின்றுவிட்டாள். ஆறு வயது. ஏறமாட்டேன் என்று தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். என்ன பயம் என்று அக்காள் சொல்லவில்லை. அண்ணை கேட்கவும் இல்லை.

“பிள்ளை, நீங்களே ஏறிச் சாத்துங்கோ. பிறகு நீங்களே திறவுங்கோ. நான் இதிலை நிக்கிறன்.”

அவள் ஏறினாள். சாத்தினாள். திறந்தாள். அண்ணையைப் பார்த்தாள்.

“இன்னொருக்கா?” என்றார்.

எல்லையோரத்து ஆற்றுக் காற்று முகத்தை அறுத்தது. டோனி தந்த பத்திரம் பறக்காமல் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவள் திறக்கத் திறக்கத் தலையாட்டியபடி நின்றார் அந்த மனிதர். ஏழு தரம் திறந்தாள். அன்று விடிந்ததிலிருந்து அப்போதுதான் எனக்கு அவசரம் இருக்கவில்லை.