பெரட்டம்மாவின் இடாப்பு

பரலோகத்தில் வரவு இடாப்பு, அதாவது வருகைப் பதிவேடு, என்று ஒன்று இருந்தால், அதில் எங்கள் லயத்துப் பக்கத்தைச் சொல்லிக் கொடுத்தவர் பெரட்டம்மாவாகத்தான் இருக்க முடியும். அவருக்கு எழுதத் தெரியாது என்பதை அங்கே யாரும் ஒரு குறையாக எடுத்திருக்க மாட்டார்கள்.

நோர்வூட்டுக்கு மேலே, மினிபஸ் மூச்சு வாங்கி நின்றுவிடும் இடத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். காலையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு, இன்ன மலைக்குப் போ என்று பிரித்து அனுப்புவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அது கணக்கப்பிள்ளை வேலை. அதற்கு ஒரு மணி நேரம் முன்னால், தலையில் கம்பளித் தொப்பியோடு பெரட்டம்மா தன் பெரட்டைத் தொடங்கிவிடுவார். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து அறைகளில், ஒவ்வொரு காம்பரா வாசலிலும் நின்று, உள்ளே இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிடுவார். நாம் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். சொன்னதும் கண்ணை மூடி ஆண்டவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அடுத்த பெயருக்குப் போவார். சொல்லாவிட்டால் நகர மாட்டார்.

லயத்திலேயே ஒரே வேதக்கார வீடு, கிறிஸ்தவ வீடு, அவருடையதுதான். என் அப்பா ஒருநாள் கேட்டுவிட்டார். “நாங்க மாரியம்மனக் கும்புடுறவங்க. எங்க பேர எதுக்கு ஒங்க சாமிகிட்டக் குடுக்குறீங்க?”

“ஒங்க ஆத்தா பாத்துக்கிறது நல்லதுதான் தம்பி. இன்னொருத்தரும் ஒரு கண்ணு வச்சிக்கிட்டா என்ன கொறஞ்சா போயிரும்?”

அப்பா மறுநாளிலிருந்து முதல் குரலுக்கே “இருக்கேன்” என்றார்.

பல் விளக்கிக்கொண்டு “உம்” என்றால் செல்லாது. கொப்பளித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். செல்வராசு மாமா, முதல்நாள் குடித்தது தெளியாமல், போர்வைக்குள்ளிருந்து “இல்ல” என்றார். “இல்லாதவன் எப்படிய்யா வாயத் தொறக்குற?” என்று பெரட்டம்மா கேட்டதில் லயமே எழுந்து சிரித்தது. கடைசியில் மேட்டுப் பக்கம் திரும்பி, “பங்களாத் தொரை!” என்று ஒரு குரல் கொடுப்பார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை எங்கே பதில் சொல்வது? அவருடைய நாய்தான் குரைக்கும். துரை சார்பில் அதை ஏற்றுக்கொள்வார்.

இத்தனைக்கும் நடுவில் அவர் கவனம் ஒரு நூல் அளவுகூடச் சிதறாது. ஒருநாள் முதல் காம்பராவில் அவர் கணுக்காலில் ஏறிய அட்டை, எங்கள் வாசலுக்கு வரும்போது திராட்சைப்பழம் ஆகியிருந்தது.

“பெரியம்மா, கால்ல அட்ட!”

“அதுவும் பசியாறட்டும் புள்ள. நீ இருக்கியா இல்லியா, அதச் சொல்லு.”

அவரால் மிகவும் அவதிப்பட்டவர் வாச்சர் பண்டா. இரவெல்லாம் தோட்டத்தைக் காவல் காத்துவிட்டு, லயத்தின் கடைசியில் உரம் வைக்கும் காம்பராவில் பகலில் தூங்குகிற சிங்களவர். பெரட்டம்மா தூரத்தில் வரும்போதே, “இன்னவா, இன்னவா!” என்று இருக்கிறேன் என்பதைச் சிங்களத்தில் இரண்டு தடவை சொல்லிவிடுவார். பெரட்டு முடிந்ததும் பெரட்டம்மா பாட ஆரம்பிப்பார். அந்தக் குரலைத் தாங்க முடியாமல் பண்டா இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, கதவைத் தாழ்போட்டுப் படுத்துவிடுவார்.

எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த வருஷம், நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை லயத்துக்குப் பின்னால் மண் வெடித்துச் சேற்றுத் தண்ணீர் வர ஆரம்பித்தது. எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏறச் சொன்னார்கள். கிராம சேவகர் பெயர்ப் பட்டியல் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டியல் என்றால் என்னைத்தானே கூப்பிடுவார்கள்? வீட்டு வீடாக, கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதி, “எல்லாரும் வந்துட்டாங்க சேர்” என்று நீட்டினேன். அவரும் பார்த்துப் பாராட்டித் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் பெரட்டம்மா மண்டபத்தின் நடுவில் வந்து நின்று, முதல் காம்பராவிலிருந்து பெயர் கூப்பிடத் தொடங்கினார்.

“பெரியம்மா, நான் எல்லாம் எழுதிட்டேன்” என்றேன்.

“நீ எழுதிட்ட. நான் இன்னும் கூப்புடல.”

சிலர் சிரித்தார்கள். ஆனாலும் ஒவ்வொருவராக “இருக்கேன்” என்றார்கள். கடைசியில், “பண்டா!”

சத்தமில்லை.

“பண்டா!”

“அவரு நம்ம லயத்து ஆளே இல்ல பெரியம்மா. மழைன்னு ஊருக்குப் போயிருப்பாரு” என்றேன்.

“காலையில பதில் சொன்னானே! ஒன் தாள்ல அவன் பேரு இருக்கா?”

இல்லை. குடும்பங்களை எழுதினேன், குடும்பமில்லாமல் உர மூட்டைகளுக்கு நடுவில் தூங்கும் ஒரு மனிதர் எனக்கு நினைவுக்கே வரவில்லை. நான் வாய் திறப்பதற்குள் பெரட்டம்மா மழையில் இறங்கிவிட்டார். பின்னால் என் அண்ணன், செல்வராசு மாமா, நான்.

கதவு உள்ளே தாழ். தட்டினோம், கத்தினோம். அசைவே இல்லை. சுவரோரமாகச் சேறு முழங்கால் உயரத்துக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணனும் மாமாவும் தோளால் மோதிக் கதவைப் பெயர்த்தார்கள். பண்டா குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தார். பெரட்டம்மா பிடித்து உலுக்கினார். கண் திறந்ததும் எதிரே அந்த முகம். மனிதர் பதறி எழுந்து, “இன்னவா! இன்னவா!” என்றார்.

எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவரை இழுத்துக்கொண்டு ஓடினோம். பள்ளிக்கூடப் படிக்கட்டில் பாதி ஏறியிருப்போம். பின்னால் ஒரு லொறி கல் கொட்டுகிற சத்தம். திரும்பிப் பார்த்தபோது கடைசிக் காம்பரா இருந்த இடத்தில் சிவந்த மண்தான் இருந்தது.

பண்டா காதிலிருந்து பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மண்ணையே பார்த்தபடி நின்றார். நான் படித்த படிப்பெல்லாம் என் கையிலிருந்த தாளோடு மழையில் கரைந்துகொண்டிருந்தது.

அன்று மாலை நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு பெரட்டம்மாவிடம் போனேன். “பெரியம்மா, நீங்க பேரெல்லாம் சொல்லுங்க, நான் எழுதித் தாரேன். மறக்காம இருக்கும்.”

“எழுதி வச்சா மறந்துருவேன் டீச்சரு.”

மறுநாள் விடிந்ததும் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் பாயாகப் பெரட்டு நடந்தது. எல்லாம் முடிந்ததும் பண்டா எழுந்தார். “ஆயம்மா எல்லா பேரும் கூப்பிடறது. ஆயம்மா பேரு யாரு கூப்பிடறது?”

பெரட்டம்மாவின் சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் பட்டியலில்கூடப் ‘பெரட்டம்மா’ என்றுதான் எழுதியிருந்தேன்.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். “அவருக்குத் தெரியும்ய்யா. ஒருநாளைக்கு அவரே கூப்புடுவாரு. ‘இருக்கேன்’னு சொல்லிட்டுப் போயிர வேண்டியதுதான்.”

நான் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் விளக்கேற்றியதும் பெரட்டம்மாவின் ஆண்டவரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அவங்க பேர மட்டும் அவசரப்பட்டுக் கூப்பிட்டுறாதீங்க.