பாதி வளைவில் எடுத்த கால்

மாமனாரின் காரை அடிமாட்டு விலைக்கு அமுக்கிவிடுவது என்று 'பாதிவிலை' அன்று காலை பல் தேய்க்கும்போதே சபதம் எடுத்துக்கொண்டார்.

பழைய இயந்திரங்களை வாங்கி விற்பவர் அவர். எதைக் காட்டினாலும் "பாதி விலைக்குத் தர்றியா?" என்று ஆரம்பிப்பதால் வந்த பட்டப்பெயர். பள்ளிக்கூடம் சொல்லித் தராததையெல்லாம் சந்தையில் அடிபட்டுக் கற்றவர். தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று. பேரம் கொதித்து உச்சிக்கு ஏறும் நேரத்தில் சட்டென்று விலகி, வாசலைப் பார்த்து நடந்துவிடுவார். பத்து அடி. பதினோராவது அடியில் பின்னாலிருந்து "சார், கோவிச்சுக்காதீங்க, வாங்க சார்!" என்று குரல் வந்தே தீரும். இருபத்தைந்து வருடமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

ஷெட் கதவு திறந்தது. பாதிவிலைக்கு மூச்சு நின்றது. ஒவ்வொரு தடவையும் நிற்கும். தண்ணீர் உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கல் போல, தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது அந்தக் கார். மாமனாரின் அப்பா வாங்கியது. எஞ்சின், பின்சக்கரங்களுக்கும் பின்னால். பல் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற மாமனாருக்கு இப்போது முழங்காலும் கிளட்சும் ஒத்துப்போகவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று முந்தினநாள்தான் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

பிரமிப்பை விழுங்கிக்கொண்டு பாதிவிலை வேலையை ஆரம்பித்தார்.

"என்ன மாமா வண்டி இது? பெட்டி வைக்கிற இடம் முன்னால, எஞ்சின் பின்னால. செஞ்சவன் படத்தைத் திருப்பிப் பிடிச்சிருக்கான்!"

"அப்ப வேண்டாமா மாப்பிள்ளை?"

"வேண்டாம்னு யார் சொன்னா? பாதி விலைக்கு..."

"விலையே வேண்டாம். ஏரி மேட்டு வளைவைச் சுத்தி, வண்டியோட மூக்கு முன்னால பார்க்க வீடு வந்து சேரணும். அவ்வளவுதான்."

சும்மா! பாதிவிலைக்குத் தலை சுற்றியது. ஆனால் சும்மா கொடுப்பவனை நம்பினால் அவர் என்ன வியாபாரி?

"எழுதிக் கொடுங்க!"

"நான் எழுதறேன்" என்றாள் மனைவி, காலண்டர் தாளைக் கிழித்து. வீட்டுச் சின்னக் காரை அவள் ஓட்டினால் சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்பார்கள். அதைச் சொல்லிக் கேலி செய்யாமல் பாதிவிலைக்குச் சாப்பாடு இறங்காது. எழுதிய தாளை மூன்று தடவை படித்தார். எங்கேயாவது விலை ஒளிந்திருக்கிறதா? இல்லை. கையெழுத்துப் போட்டார். போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கியிருந்த மகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

மனைவி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். சாவியைத் திருப்பியதும் முதுகுக்குப் பின்னால் நூறு தையல் மெஷின்கள் ஒன்றாகக் கோபித்துக்கொண்டன. பாதிவிலைக்குக் கண் கலங்கியது. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு பொடிக்கல்லும் ஸ்டீயரிங் வழியாக வந்து உள்ளங்கையில் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனது.

"என்னங்க, வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைச்சிடுங்க. உள்ளே போயிட்டா ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுக்கவே கூடாது. பாரம் பூரா பின்னால இருக்கு."

"சைக்கிளுக்கு வழி விடறவ எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"சொல்லிட்டேன். அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க."

வளைவு வந்தது. பாதிவிலை குறைக்கவில்லை. பாய்ந்தார். கார் சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பியது. வளைவோ முடிகிற வழியாக இல்லை, இறுகிக்கொண்டே போனது. பயம் கொதித்து ஏறிய அந்த உச்சியில், இருபத்தைந்து வருடப் பழக்கம் உள்ளுக்குள் கத்தியது: விலகு!

காலை எடுத்தார்.

பின்னால் இருந்த எஞ்சினுக்கு முன்னால் போகிற ஆசை வந்துவிட்டது. ஏரி போனது, மதில் வந்தது, மரம் வந்தது, மறுபடியும் ஏரி வந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

கார் நின்றது. கீறல்கூட இல்லை. கண்ணாடிக்கு முன்னால் அவருடைய டயர் தடமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூக்கு எந்தப் பக்கம் பார்க்குது?"

"வந்த பக்கம்" என்றார் ஈனக்குரலில்.

"இறங்குங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். காரை மேட்டுக்குக் கீழே வரை கொண்டுபோய்த் திருப்பி, மறுபடி அதே வளைவு. முன்னதாகவே வேகத்தை அடக்கினாள். உள்ளே நுழைந்ததும் காலை மெல்ல மெல்ல அழுத்தினாள். பின்பக்கம் பூமியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பாதிவிலையை முறைத்த அதே வளைவு, அவளுக்குப் பட்டுத்துணி போல விரிந்து கொடுத்தது. கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். திறந்தது மூட மறந்து அப்படியே இருந்தது. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்த மனுஷியா இவள்?

வீட்டில் மாமனார் கேட்டின் இரண்டு கதவையும் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார்.

"இப்படி ஓட்ட எப்போ கத்துக்கிட்டே?" என்றார் பாதிவிலை மனைவியிடம்.

"பதினெட்டு வயசுல. மழை பெஞ்ச மைதானத்துல. அப்பாவுக்குத் தாத்தா சொல்லிக் கொடுத்தார், எனக்கு அப்பா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"ஓட்டத் தெரியுமான்னு நீங்க எப்போ கேட்டீங்க? தெரியாதுன்னுதானே சொல்லிட்டிருந்தீங்க."

தாளை நீட்டினாள். 'ஏரி மேட்டு வளைவைச் சுற்றி, மூக்கு முன்னால் பார்க்க வீட்டுக்கு ஓட்டி வருபவருக்கே கார்.' கீழே அவருடைய கையெழுத்து, பெரிதாக.

"வருபவருக்கா? என் பேரை ஏன் எழுதல?"

"எந்தக் கடையா இருந்தாலும் உச்சியில வாசலைப் பார்த்து நடக்கிறவர் நீங்க. வளைவுல மட்டும் நிலையா நிப்பீங்களா?"

ரத்தம் கொதித்தது. ஆனால் வியாபாரி வியாபாரிதான்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்கு."

"முடியாது."

"அரை நாள்."

"முடியாது."

"அப்ப வேண்டவே வேண்டாம், போ!"

திரும்பித் தெருவில் நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று... காதைப் பின்னால் தீட்டிக்கொண்டு. ஒன்பது. பத்து.

பதினோராவது அடியில் பின்னாலிருந்து சத்தம் வந்தது. நூறு தையல் மெஷின்கள். அவரை உரசாமல் கடந்து போன காரை மகள் ஓட்டினாள். பக்கத்து இருக்கையிலிருந்து மனைவியின் குரல் தெருவுக்கே கேட்டது:

"நடுவுல காலை எடுக்காதேடி! அப்புறம் அப்பா மாதிரி திரும்பி நிப்பே!"