சவூதிப் பெட்டியில் இருபத்து நான்கு பர்ஸ்

ஜூலை மாதம், இரண்டாம் ஞாயிறு, காலை பத்து இருபது. விடாத மழை, மும்பை தாராவியில் கணுக்கால் வரை தண்ணீர். அன்று நான் செய்தது முட்டாள்தனம் என்று என் மனைவி சொல்கிறாள், எங்கள் சங்கத் தலைவர் சொல்கிறார். நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

வளைகுடாவில் வேலை போய்த் திரும்புகிறவர்கள் மறுபடி இங்கே காலூன்ற உதவும் சிறு சங்கம் எங்களுடையது. மாட்டுங்கா பென்ஷன்காரர்கள் ஆளுக்கொரு குடும்பத்தைப் பார்த்துக்கொள்வோம். எனக்கு வாய்த்தவர் முருகன், எலக்ட்ரீஷியன். சவூதியில் ஐந்து மாதச் சம்பளத்தைக் கொடுக்காமலே ஆளை விமானம் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் மகளும் தாராவியில் இருக்க, மனிதர் அம்பர்நாத்தில் மச்சான் வீட்டில் ஒளிந்திருந்தார்.

“வெறுங்கையோட எப்படி சார் தெருவுக்குள்ள போறது? பெட்டியத் தொறக்கச் சொல்லுவாவ.”

அது அந்தத் தெரு வழக்கம். வெளிநாட்டிலிருந்து வருபவர் எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்து வீட்டுக்கு ஒரு பொருள் கொடுக்க வேண்டும். இது இல்லாமல் அவர் வீட்டுக்கே வரமாட்டார் என்றால், பெட்டிக்கு நான் பொறுப்பு என்றேன். (யாரும் கேட்காமலே பொறுப்பேற்பது என் பிறவிக் குணம்.)

தெருவில் இருபத்து நான்கு வீடு. செம்பூரில் ஒரு கடையில் வெளிநாட்டுப் பெயர் பொறித்த தோல் பர்ஸ்கள் கிடைத்தன. “ஏக்தம் துபாய் மால், அங்கிள்!”, அசல் துபாய்ச் சரக்கு என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். மூன்று முறை எண்ணி வாங்கி, நானே அட்டைப்பெட்டியில் அடுக்கி, நானே டேப் ஒட்டினேன். முருகனைக்கூடத் தொடவிடவில்லை.

விமான நிலையத்திலிருந்து வருவதுபோல் டாக்ஸியில் போய் இறங்கினோம். குடையோடு தெருவே கூடிவிட்டது. முதல் பர்ஸ் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் கைக்குப் போனது. அந்த அம்மாள் அதைத் திறந்தாள், உள்பக்கம் திருப்பினாள், தையலை நகத்தால் நெருடினாள்.

“ஏல முருகா, இது நான் தச்சதுல்லா!”

பக்கத்து வீட்டுக்காரர் இன்னொன்றை எடுத்து, “இந்த ஜிப்பு நான் வச்சது” என்றார். தாராவியில் தோல் வேலை நடப்பது எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். துபாய் மாலும் அங்கேதான் பிறக்கிறது என்பதுதான் தெரியாது.

“போன வாரம் பட்டறையில இருந்து போன சரக்கு, சவூதி போயி அதுக்குள்ள திரும்பிட்டுதா சார்வாள்?” என்று பேச்சியம்மாள் என்னைக் கேட்டாள். தெரு சிரித்தது. எனக்குத் தண்ணீரில் முங்கிவிடலாமா என்றிருந்தது. கணுக்காலளவுத் தண்ணீரில் அதற்கும் வழியில்லை.

முருகன் சிரிக்கவில்லை. பெட்டியைக் காலால் தள்ளினார்.

“ஆமா, வெறுங்கையோடதான் வந்திருக்கேன். அஞ்சு மாசச் சம்பளத்த முழுங்கிட்டானுவ. வெக்கப்பட வேண்டியது அவனுவதான். நான் எதுக்கு ஒளியணும்?”

சிரிப்பு நின்றது. அவர் மனைவி அவர் தோள்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பேச்சியம்மாள்தான் பேசினாள். “அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானல. பட்டறையில ஆறு மிசினு மோட்டர் ஓடாமக் கெடக்கு. நாளைக்குக் காலையில வந்து சேரு. சார்வாளையும் கூட்டிட்டு வா, பர்ஸு வாங்கப் படிச்சுக் குடுக்கேன்.”

இப்போது நான்கு பட்டறைகளுக்கு முருகன்தான் மோட்டார் பழுது பார்க்கிறார். ஆனாலும் தலைவர், சங்கத்தின் பெயர் கெட்டது, வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுங்கள் என்றார். என்ன வருத்தம்? ஒளிந்திருந்த மனிதர் அன்றிரவு சொந்த வீட்டில் தூங்கினார். எழுத முடியாது என்றேன். இன்றுவரை எழுதவில்லை.

வீட்டில்தான் தப்ப முடியவில்லை. வாஷியில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பினால்கூட மனைவி வாசலிலேயே மறிக்கிறாள்: “பெட்டியைத் திறங்கோ, பார்க்கலாம்!”

பர்ஸ் ஒன்று நூற்றெண்பது ரூபாய். பட்டறை விலை நாற்பத்தைந்து என்று பிறகு தெரிந்தது. டாக்ஸி, டேப் சேர்த்து மொத்தம் 4,860. சங்கம் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.