சத்தம் போடாத கடல்

வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஒரு வகை, தெரியாதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையினராலும் யாருக்கும் ஆபத்தில்லை. தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவன் மூன்றாவது வகை. அவன் இருக்கிற வீட்டில் திருப்புளியை ஒளித்து வைக்க வேண்டும். என் மனைவி தேவகி இன்றுவரை ஒளித்துத்தான் வைத்திருக்கிறாள். (அரிசி டின்னுக்குள். எனக்குத் தெரியும். தெரியாதது மாதிரி இருக்கிறேன்.)

எண்பதுகளின் நடுவில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக இருந்தேன். தோட்டத்து ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. பெரிய கிராணி முனுசாமி எனக்கு மேலதிகாரி, அதோடு பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். அவர் அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினால் இந்தப் பக்கம் நான் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நிற்பேன்.

தேவகி பாகான் டத்தோ பக்கம் கடலோரத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னங்க, எந்தப் பக்கம் பாத்தாலும் பச்சையாவே இருக்கு?" என்றாள். அவள் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல், உனக்குக் கடலையே இங்கே கொண்டு வருகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன். மற்ற ஆண்கள் நிலாவைக் கொண்டுவருவதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை.

பிரிஞ்சாங்கில் கண்ணாடி வெட்டுபவரிடம் சொல்லித் தொட்டி செய்தேன். முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கீழே போகும் லோரியை ஓட்டுகிற சலீம், திரும்பி வரும்போது லூமுட்டிலிருந்து டின் டின்னாகக் கடல்தண்ணீர் கொண்டு வந்தான். பவளம் ஒட்டிய கற்கள் வந்தன. பூ மாதிரி விரிந்து மூடுகிற கடல் சாமந்தி ஒன்று வந்தது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் ஒரு ஜோடி வந்தன. மலைக் குளிருக்கு அவை தாங்காது என்று ஹீட்டரும் போட்டேன். தேவகி காலையில் எழுந்ததும் என் முகத்தில் விழிப்பதை விட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் போய் நின்று, "என்னா, தூங்கினீங்களா?" என்று மீன்களை விசாரிக்க ஆரம்பித்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தாலும் பெருமைதான் அதிகம்.

ஆனால் கடல் சும்மா இருக்குமா?

இந்த மாதிரித் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேல்தொட்டியில் வழிகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இருக்கும் சின்னத் தொட்டிக்குள் விழுந்து, அங்கே வடிகட்டப்பட்டு, பம்பு வழியாக மறுபடி மேலே ஏறும். விழுகிற குழாய் 'கொடக் கொடக்' என்று தண்ணீரை விழுங்கும். ஏறுகிற குழாய் 'சளசள'வென்று ஊற்றும். பம்பு பாட்டுக்கு 'ஊஊம்' என்று உறுமும். இதெல்லாம் சாய்ந்திருந்தது அந்தப் பலகைச் சுவரில். சுவருக்கு அந்தப் பக்கம், மேசை போட்டு உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள் பெரிய கிராணியின் மகள் வசந்தி.

ஒருநாள் ஆபீஸில் பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ கெட்ட காலம்.

"தம்பி, ஒங்க வீட்டுல யாரோ ராவும் பகலும் வாய் கொப்பளிக்கிறாங்களே, யாரு?"

"ஐயா... அது தொட்டிங்க ஐயா."

"புள்ள காதுல பஞ்ச வச்சிக்கிட்டு படிக்குது. இந்த வருசம் பாஸ் பண்ணாத்தான் டீச்சர் டிரேனிங்குக்குப் போவ முடியும். ஞாயித்துக்கெழம நானே வந்து கேட்டுப் பாப்பேன். சத்தம் இருந்துச்சு, திங்கக்கெழம ஒங்க மீனு சலீம் லோரியில ஏறணும். அவ்ளோதான்லா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். தேவகி சண்டை போடவில்லை. "அவரு கேக்கறதும் ஞாயந்தானே. பாவம், படிக்கிற புள்ள," என்றாள். பிறகு, "ஆனா இதுங்க லோரியில போச்சுன்னா நானும் அதே லோரியில ஏறி எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்," என்று சிரித்தாள். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து நான் விஞ்ஞானி ஆனேன். முதலில் தேவகியின் புதுச் சிலிப்பரை வெட்டிப் பம்புக்கு அடியில் வைத்தேன். (பழைய சிலிப்பர் தேய்ந்துபோயிருந்தது. விஞ்ஞானத்துக்கு நல்ல ரப்பர் வேண்டாமா?) உறுமல் கொஞ்சம் இறங்கியது. விழுகிற குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றைத் தொங்கவிட்டேன். தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நழுவி இறங்கியதால் 'கொடக் கொடக்' நின்றது. நானே அசந்துபோனேன். மேலே ஏறுகிற குழாயின் வாயைத் தண்ணீருக்குள் ஆழமாக, தொட்டியின் பாதிக்கும் கீழே அழுத்திவிட்டேன். சளசளப்பும் போயிற்று. இந்தக் கடைசி வேலையை மட்டும் வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அப்போது அதைப் பற்றி இரண்டாவது தடவை யோசிக்கவில்லை.

மிச்சம் இருந்தது பம்பின் உறுமல் மட்டும். அதற்குத்தான் என் மூளையின் உச்சகட்டம் பயன்பட்டது. தேயிலை ஏற்றுமதிக்குப் பலகைப் பெட்டி இருக்குமே, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது, அதில் ஒன்றை ஃபேக்டரியில் கேட்டு வாங்கினேன். தேயிலையைச் சலிக்கும்போது பஞ்சு பஞ்சாக ஒரு கழிவு மிஞ்சும். அது அங்கே குவிந்து கிடக்கும், கேட்பாரில்லை. சாக்கில் அள்ளி வந்தேன். கீழ்த்தொட்டியையும் பம்பையும் அந்தப் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் விளிம்பு வரைக்கும் அந்தப் பஞ்சைத் திணித்துவிட்டால் எந்தச் சத்தம் வெளியே வரும்? தோட்டத்தில் பிறந்தவனுக்குத்தான் இப்படித் தோன்றும் என்று மார் தட்டிக்கொண்டேன். தோட்டத்தில் பிறந்தவனுக்குத்தான் தோன்றியிருக்கும், அதில் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. தலையைப் பெட்டிக்குள் விட்டு, காது மூக்கெல்லாம் தேயிலைத் தூசியோடு, கடைசிப் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் வெளியே யாரோ கத்திக்கொண்டு போனது லேசாகக் கேட்டது. தலையை வெளியே எடுத்தேன்.

நிசப்தம்.

அப்படி ஒரு அமைதியை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை.

"தேவகி! இங்க ஓடியா! கேளு!"

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னாத்தக் கேக்கறது? ஒண்ணுமே கேக்கலயே."

"அதான்! அதத்தான் கேக்கச் சொல்றேன்!"

அவள் தொட்டியைப் பார்த்தாள். "என்னங்க, தண்ணி கொறையற மாதிரி இல்ல?"

"சத்தம் இல்லாட்டி கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்," என்றேன். எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

சொன்னபடியே பெரிய கிராணி வந்தார், வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, ஏதோ கோயில் கும்பாபிஷேகத்துக்கு வந்தவர் மாதிரி. கூடவே வசந்தியும். நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பலகையில் காதை வைத்தார். பெட்டியில் காதை வைத்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"தம்பி," என்று கண்ணைத் திறந்தார். குரல் தழுதழுத்தது. "சாதிச்சிட்டீங்க."

"எல்லாம் ஒங்க ஆசீர்வாதம் ஐயா."

"என்னா ஆச்சரியம்னா, எங்க வூட்டு பிரிட்ஜுகூட இன்னிக்கு சத்தமே போடல."

இங்கே ஒரு அறிவாளி இருந்தால் யோசித்திருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தத் தூண்டி விடும்ங்க ஐயா. இத அடக்கிட்டோம்ல, அதுவும் அடங்கிருச்சு."

அவர் மெய்மறந்து தலையாட்டினார். "நம்ம ஃபேக்டரி ஜெனரேட்டருக்கும் இப்பிடி ஒரு பொட்டி பண்ணலாம்னு நாளைக்கு மேனேஜர் துரைகிட்ட பேசறேன்," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்காருங்கள், தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்து, கயிறு எப்படி, சிலிப்பர் எப்படி, குழாய் எப்படி என்று விளக்க ஆரம்பித்தேன். அவரும் சாவகாசமாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைதானே. தேவகி மட்டும் தொட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை "என்னங்க" என்றாள். இரண்டு தடவையும் நான் கையமர்த்தினேன்.

கடைசியில் வசந்திதான் கேட்டாள். "அண்ணே, கரண்டு இல்லாம பம்பு எப்பிடி ஓடுது?"

"கரண்டு இல்லையா?"

"காலையிலயே லைன் வீடுங்க பக்கம் ஆள் வந்து கத்திட்டுப் போச்சே, அப்பா அப்ப குளிச்சிக்கிட்டு இருந்தாங்க. ஃபேக்டரி ஜெனரேட்டர் கழுவறாங்க, மத்தியானம் வரைக்கும் கரண்டு இல்லன்னு. நீங்க அதுக்கு ஏத்த மாதிரி ஏதோ செஞ்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நொடியில் கரண்டு வந்தது.

பக்கத்து வீட்டு ரேடியோ தானாகப் பாடியது. பிரிட்ஜ் உறுமியது. எங்கள் பெட்டிக்குள் பம்பு கிளம்பியது. இப்போது ஆழத்தில் அமிழ்ந்திருந்த அந்தக் குழாய்க்கு வருவோம். பம்பு நின்றதும் அந்தக் குழாய் வழியாகவே மேல்தொட்டித் தண்ணீர் பாதிக்கு மேல் திரும்பிக் கீழே இறங்கியிருக்கிறது. சின்னத் தொட்டி நிரம்பி, வழிந்து, சுற்றி இருந்த தேயிலைப் பஞ்சு முழுவதும் ஊறி, மிதந்து, தொட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. ஈயத்தாள் ஒட்டிய பெட்டி ஆகையால் ஒரு சொட்டுக்கூட வெளியே ஒழுகிக் காட்டிக்கொடுக்கவில்லை. காலையிலிருந்து நிதானமாக ஊறிய அத்தனை சாயத்தையும் பம்பு இப்போது மேலே அனுப்பியது.

தொட்டியின் நடுவில் ஒரு பழுப்பு நூல் கிளம்பியது. அது புகையாகப் பரந்தது. கற்கள் மறைந்தன, சாமந்தி மறைந்தது, மீன்கள் மறைந்தன. நல்ல நிறமாகத்தான் இருந்தது, துரை பங்களாவுக்கு அனுப்புகிற முதல் ரக நிறம்.

"பால் ஊத்தறதுதான் பாக்கி," என்றாள் தேவகி. அடுத்த நொடி அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். குளியலறையில் சலீம் கொண்டு வந்த கடல்தண்ணீர் ஒரு டின் மிச்சம் இருந்தது. அதை அரிசி கழுவுகிற பேசினில் ஊற்றினோம். வசந்தி தோள்வரை கையை விட்டுக் கற்களைத் துழாவினாள். பெரிய கிராணி வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, ஆபீஸில் ஒரு தாளைக்கூடத் தானே எடுக்காத மனிதர், கடல் சாமந்தியைக் கல்லோடு இரண்டு கையிலும் ஏந்தி, "இத எங்க வைக்கணும்? சீக்கிரம் சொல்லுங்கலா! வழுக்குது!" என்று பதறினார். ஒரு மீன் கிடைத்தது. அது நீந்தியது. இன்னொன்று வெகு நேரம் கிடைக்கவில்லை. கிடைத்தபோது பேசினில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

"குளிருதோ என்னமோ," என்றாள் வசந்தி. ஹீட்டரும்தான் காலையிலிருந்து ஓடவில்லையே. பேசினைத் தூக்கி அடுப்போரம் வைத்தோம்.

"மீனு, பேசினு, அடுப்பு. யாரும் மஞ்சத்தூள் மட்டும் எடுத்தாந்துறாதீங்க," என்றார் பெரிய கிராணி. அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் தமாஷ் அதுவாகத்தான் இருக்கும். யாரும் சிரிக்கவில்லை. நான்கு தலைகளும் பேசினுக்கு மேல் குனிந்திருந்தன. இந்த மீன் செத்தால் இவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற ஒரே நினைப்புத்தான்.

செவுள் அசைந்தது. வால் அசைந்தது. பிறகு அது நிமிர்ந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் ஜோடியிடம் நீந்திப் போனது. தேவகி என் தோளில் சாய்ந்துவிட்டாள். எனக்கு மலையே இறங்கிப்போன மாதிரி இருந்தது. பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை யாருக்கும் கெட்ட காலம் வரவில்லை.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "தம்பி, மீனு எங்கயும் போவ வேணாம். சத்தம் கேட்டாத்தான் அதுங்க உசுரோட இருக்குன்னு எனக்கும் நிம்மதி. தொட்டிய மட்டும் அந்தப் பக்கத்து ரூமுக்கு மாத்திருங்க. புள்ள படிக்கட்டும்." அது எங்கள் படுக்கையறை. கயிறு, பெட்டி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, அன்றிலிருந்து அந்த மீன்கள் இருந்த காலமெல்லாம் வாய் கொப்பளிக்கும் சத்தத்தில்தான் தூங்கினோம். வசந்தி பாஸானாள். டீச்சரும் ஆனாள்.

ஜெனரேட்டருக்குப் பெட்டி செய்யும் யோசனையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. நான் எதையாவது சாதித்துவிட்டதாக மார் தட்டினால், தேவகி அமைதியாக, "மொதல்ல கரண்டு இருக்கான்னு பாருங்க," என்பாள். பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகள் கதை தெரியாமலேயே சொல்கிறார்கள். பெரிய மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று, என் மகளைப் பற்றி நான் அளந்துகொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து அதே குரல் வந்தது.

போன வருடம் ஈப்போ ஆஸ்பத்திரியில் எனக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்தார்கள். மயக்கம் தெளிந்தபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. பிள்ளைகள் யாரும் பேசவில்லை, அவ்வளவு பயம். யாரோ என் மார்பில் மெதுவாகக் காதை வைப்பது தெரிந்தது. தேங்காயெண்ணெய் வாசனையில் அது யார் என்றும் தெரிந்தது. வெகு நேரம் கேட்டுவிட்டு, அவள் பிள்ளைகளிடம் திரும்பிச் சொன்னாள்:

"பயப்படாதீங்க. கரண்டு இருக்கு."