எங்கள் டிரெசரைத் திருப்பித் தருக

உலு திராம்,
10-8-1934

தங்காக் உதைபந்தாட்டச் சங்கத் தலைவரும் என் மைத்துனருமாகிய தங்கரத்தினம் அவர்களுக்கு, உலு திராம் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியும் இவ்விடத்து உதைபந்தாட்டச் சங்கக் காரியதரிசியுமாகிய கனகசபை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தங்கள் தங்கை சரோஜினியும் ஆண்டவன் கிருபையால் சுகம். தங்கள் சுகத்தையும் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். வழக்கத்தை மீறக்கூடாது என்பதற்காக மட்டுமே அதை இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் அந்தோனிப்பிள்ளைக்குத் தாங்கள் ஒரு கடிதம் போட்டீர்கள். தங்காக்கில் வேலை இருக்கிறது, வந்தால் எங்கள் கோஷ்டியையும் நீரே நடத்தலாம் என்று அதில் எழுதியிருந்தது. மைத்துனருக்கு மைத்துனர் செய்கிற காரியமா இது? ஆறு வருஷமாக எங்கள் கோஷ்டியை நடத்தி வந்தவர் அவர். எங்கள் ஆட்டக்காரர்கள் ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை முடிந்து வெறுங்காலோடு மைதானத்துக்கு வருகிறவர்கள். ஒவ்வொருவன் பாதத்தையும் தம் மடியில் தூக்கி வைத்துப் பார்த்து, முள்ளை எடுத்து, மருந்து போட்ட பிறகுதான் அவர் பந்தையே வெளியில் எடுப்பார். சின்னத்தம்பி என்று ஒருவன், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவன், அவனைக் கோல் காவலனாக்கி ஜொகூர் முழுவதும் பேர் வாங்க வைத்தவர். ஒருவரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. தோற்ற அன்றைக்கு மட்டும் சாப்பிட மாட்டார்.

தங்கள் கடிதம் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு என் காரியாலயத்துக்கு வந்தார். மேசை மேல் வைத்து, "என்ன செய்யலாம் அண்ணை? நீங்கள் சொல்லுங்கோ" என்றார். காரியதரிசி என்ற முறையில் நான் எழுந்து நின்று, "உம்முடைய முன்னேற்றத்துக்கு இந்தச் சங்கம் ஒருபோதும் குறுக்கே நிற்காது" என்றேன். அவரை அனுப்ப எனக்கு மனம் இல்லை, ஆனாலும் காரியதரிசிக்கு முறை என்று ஒன்று இருக்கிறதே. அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

உடனே கமிட்டியைக் கூட்டினேன். அவரைத் தடுக்க ஒரே வழி பிரமாதமான பிரிவுபசாரம் என்று நான்தான் யோசனை சொன்னேன். நம்மவர்கள் வாழ்த்துப் பத்திரம் கேட்டால் கல்லும் கரையும் அல்லவா? பதினாறு பாட்டு நானே இயற்றி, சிங்கப்பூருக்கு அனுப்பி மஞ்சள் பட்டில் அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, ரோஜா மாலை தருவித்து, தோட்டத் துரையைத் தலைமை வகிக்கச் சொல்லி, படம் பிடிக்கச் சீனனை அழைத்து, டிரெசரை நடு நாற்காலியில் உட்கார்த்தினோம். ஒன்பதாம் பாட்டில் அவர் கண் கலங்கியது. பன்னிரண்டாம் பாட்டில் கைக்குட்டையை எடுத்தார். பதினாறாம் பாட்டு முடிந்ததும் எழுந்து, இந்த அன்பை விட்டு எப்படிப் போவேன் என்று சொல்லப் போகிறார் என்று நான் கமிட்டியாரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் எழுந்தார். "எல்லாருக்கும் நன்றி" என்றார். உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையிலிருந்து சின்னத்தம்பியின் மனைவி காளியம்மா, "என்னங்க ஐயா, நல்ல மனுசனை மாலை போட்டு வெரட்டுறீங்களே" என்று சத்தமாகவே கேட்டாள். விவரம் தெரியாதவள் என்று நான் அவளைச் சட்டை செய்யவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தால் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அதுவரை தங்களுக்குப் பதிலே போடவில்லையாம்! "இவ்வளவும் வாங்கிப்போட்டு நான் இஞ்சை நிண்டா ஊர் சிரிக்காதோ அண்ணை?" என்றார். பிரிவுபசாரம் பெற்றவர் மைதானத்தில் நிற்பது முறையல்ல என்று போன சனிக்கிழமை ஆட்டத்துக்கும் வரவில்லை. ஸ்கூடாய் கோஷ்டி வந்திருந்தது. அவர் இடத்தில் நான் நின்றேன். இடைவேளையில் சொல்ல வேண்டிய யோசனைகளை நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் விசில் ஊதிவிட்டார்கள். விட்ட இடத்திலிருந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று வாசித்தேன். சின்னத்தம்பி திரும்பி, "ஐயா, நான் பந்தைப் பாக்கவா, நீங்க படிக்கிறதக் கேக்கவா?" என்றான். அதற்குள் பந்து உள்ளே போய்விட்டது. ஏழு கோல் வாங்கினோம், அதில் ஒன்று எங்கள் ஆளே போட்டது. ஆட்டம் முடிந்து அவர்கள் வழக்கம்போல் காலை நீட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார்கள். பார்க்க ஆள் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மைத்துனரே. கிராணி அழுதான் என்று இருக்கக்கூடாது என்பதற்காகக் காரியாலயத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகவே, நாளைக் காலை பஸ்ஸில் வரும் டிரெசரை வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவைக்கும்படி சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் இவ்வருஷம் தீபாவளிக்குச் சரோஜினியை அங்கே அனுப்ப மாட்டேன். அவள் என்னைக் கேட்டுக்கொண்டா வருவாள் என்பது வேறு விஷயம். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், தங்களுக்கு இரண்டும் இந்தத் தடவை இல்லை.

இப்படிக்கு,
க. கனகசபை

பி.கு.: மேலே கண்டதைத் தள்ளுபடி செய்யவும். விடைபெற வந்த டிரெசரை உட்காரச் சொல்லிவிட்டுக் கோப்பிக்குச் சொல்ல உள்ளே போனேன். திரும்பி வந்தால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்து முடித்திருக்கிறார். பிறர் கடிதத்தைப் படிக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். "பதினாறு பாட்டுப் பாடினியள் அண்ணை. 'போகாதையும்' எண்டு ஒரு சொல் சொல்லேல்லையே" என்றார். "இப்ப சொல்லுறன், போகாதையும்" என்றேன். "இனி ஏலாது. அங்கை சொல் குடுத்திட்டன்" என்றார். சொல் தவறுகிற மனிதர் அல்ல, திருப்பி அனுப்பினாலும் வர மாட்டார். இக்கடிதத்தையும் அவர் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.

ஆட்டத்தின்போது நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டாம். தோற்ற அன்றைக்குச் சாப்பிடும்படி சொல்லவும் வேண்டாம். யாருக்காவது கால் வலி என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள், பார்த்துவிட்டு வந்து சாப்பிடுவார். உங்களிடமிருந்தும் ஒரு நாள் அவரை யாராவது கேட்டு எழுதுவார்கள். அந்தக் கடிதத்தோடு வந்து, என்ன செய்யலாம் என்று உங்களிடம் கேட்பார். என்னைப் போலப் பெருந்தன்மையாக எதையும் சொல்லித் தொலைக்காதீர்கள். வேண்டாம், போகாதையும் என்று சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் அவர் வருவார்.