கொட்டாஞ்சேனையில் ஒரு குசினி

கொழும்பில் எங்கே தங்குவது என்பதை இந்த முறை நான்தான் தீர்மானிப்பது என்று தீர்மானித்தேன்.

இதை வாசிக்கிற ஆண்கள் ஒருக்கா எழும்பி நின்றாலும் குற்றமில்லை. கலியாணம் கட்டி இருபத்தைந்து வருடத்தில் இராயப்பு ஆகிய நான் எடுத்த முதல் தீர்மானம் இது. கட்டுவது என்று தீர்மானித்தது கூட என் மனுசி மாக்கிறேற்றின் தாய்மாமன்தான்.

வெள்ளிவிழாவுக்கு நாலு நாள் கொழும்பில் நின்றுவிட்டு வாருங்கள் என்றாள் மகள் நிலாந்தி. வவுனியாவில் வேலை பார்க்கிறாள். இடம் பார்ப்பது, பதிவது, எங்களை வெருட்டுவது எல்லாம் போனிலேயே செய்வாள். இரண்டு இடங்களின் படங்களை அனுப்பியிருந்தாள். ஒன்று வெள்ளவத்தையில் ஒரு ஹோட்டல். வெள்ளை விரிப்பு, அதன் மேல் வெள்ளைத் துவாயை மடித்துச் செய்த ஓர் அன்னம். மற்றது கொட்டாஞ்சேனையில், மூன்றாம் மாடியில் ஒரு வீடு. ஓர் அறை, ஒரு பல்கனி, சமைக்க ஒரு குசினி.

மாக்கிறேற் அன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குசினியைப் பார்த்தேன்.

என் நிலைமையை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நான் ஊர்காவற்றுறையில் கடலுக்குப் போகிறவன். காற்றைத் தாங்குவேன், மழையைத் தாங்குவேன். மாக்கிறேற்றின் குழம்பு இல்லாத ஒரு மத்தியானத்தைத் தாங்க ஏலாது. ஆனால் வெள்ளிவிழாப் பயணத்திலும் நீர்தான் சமைக்க வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது? அதனால் வேறு வேறு முகங்களோடு கேட்டேன்.

"இஞ்சேரும், ஹோட்டலிலை சுதந்திரம் இல்லை."

"என்ன சுதந்திரம்?"

"சாரத்தோடை திரிய ஏலாது."

"சாரத்தோடை திரியவே கொழும்புக்குப் போறம்?"

"கடைச் சாப்பாடு என்ரை வயித்துக்கு ஒத்துவராது."

"போன கிழமை யாழ்ப்பாணத்திலை ரெண்டு கொத்துரொட்டி சாப்பிட்டனீங்கள்."

"அதுதான் ஒத்துவரேல்லை."

"பேந்து ஏன் மூண்டாவது கேட்டனீங்கள்?"

கடைசித் துரும்புச் சீட்டை இறக்கினேன்.

"கொட்டாஞ்சேனை எண்டால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்தே போகலாம். வெள்ளிவிழாவும் அதுவுமாய் அவரைக் கும்பிட வேண்டாமே?"

அவள் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது.

"ஓம். அந்த வீட்டையே எடுங்கோ."

ஓம்! பின்னால் ஓர் 'எண்டாலும்' இல்லாத ஓம்! கடலில் இப்படித் திடீரென்று எல்லாம் அடங்கினால் நான் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு ஓடி வருவேன். வீட்டில் அடங்கியபோது மட்டும் அதை வெற்றி என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த நாளே அவள் விசாரிக்கத் தொடங்கினாள்.

"காஸ் அடுப்பே?"

"ஓம். ரெண்டு எரிக்கலாம்."

"சட்டி, கத்தி?"

"எல்லாம் படத்திலை இருக்கு."

"தேங்காய் திருவுற திருவலை?"

"அதைக் காணேல்லை."

"அப்ப எங்கடையைக் கொண்டுபோவம்."

திருவலை மட்டுமா? மிளகாய்த்தூள், புளி, முருங்கையிலை எல்லாம் கட்டினாள். என்னைக்கொண்டு நல்ல நண்டாகப் பார்த்து எடுப்பித்து, றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கினாள். நான் எல்லாவற்றையும் சந்தோசமாகச் சுமந்தேன். றெயினில் எங்கள் பெட்டி சொட்டுச் சொட்டாக ஒழுகியது. என் வாயும் அப்படித்தான்.

வாசல் காவலாளியிடம் வீட்டுத் திறப்பை வாங்கி, சாமான்களை வைத்துவிட்டு, கோயிலுக்குப் போய் வந்தோம். நான் குளித்துச் சாரத்தைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்து குழம்பின் மணத்துக்காகக் காத்திருந்தேன். மணம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். குசினியில் ஒருவரும் இல்லை. மாக்கிறேற் பல்கனியில் காலை நீட்டி இருந்து, கீழே போகிற பஸ்களை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேரும், பசிக்கேல்லையோ?"

"நல்லாப் பசிக்குது."

"அப்ப சமைக்கேல்லையோ?"

"நான் சமைக்க ஏலாது. நேர்த்தி."

"என்ன நேர்த்தி?"

"அந்தோனியாருக்கு. இந்த நாலு நாளும் அடுப்பும் தொடுறேல்லை, கத்தியும் தொடுறேல்லை."

"எப்ப நேர்ந்தனீர்?"

"நீங்கள் குசினி உள்ள இடத்துக்கு அந்தோனியாரை இழுத்த உடனை."

நேர்த்திதான். எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறாள் பாருங்கள்! மனுசியோடு வாதாடலாம். அந்தோனியாரோடு எப்படி வாதாடுவது? என் வள்ளத்தின் பெயரே அவருடையதுதான்.

"சரி, கடையிலை சாப்பிடுவம்."

"ஐயோ, உங்கடை வயித்துக்கு ஒத்துவராது. வெள்ளிவிழாவிலை உங்களை ஆசுப்பத்திரியிலை கிடத்திப் பாக்க என்னாலை ஏலாது. நண்டும் பழுதாப்போயிடும்."

குசினிக்குள் போனேன். பெட்டியைத் திறந்தேன். வலையில் பார்க்கிற நண்டு வேறு, சட்டிக்குப் பக்கத்தில் பார்க்கிற நண்டு வேறு. அதை எங்கே தொடங்கி எங்கே உடைப்பது என்று நின்றேன்.

"மாக்கிறேற், முதல்லை எதைப் போடுறது? சொல்லலாமோ, அதுவும் நேர்த்தியோ?"

"சொல்லுறேல்லை எண்டு நேரேல்லை. வெங்காயத்தைப் போடுங்கோ."

போட்டேன்.

"கருகுது. நெருப்பைக் குறையுங்கோ."

"அங்கை இருந்துகொண்டு எப்பிடித் தெரியும்?"

"மூக்கை நேர்ந்து குடுக்கேல்லை."

இப்படியே பல்கனியிலிருந்து அவள் சொல்ல, குசினியில் நான் ஆட, நண்டு ஒருவழியாகக் குழம்பானது. கோப்பையில் சோறு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் சாப்பிட்டாள். பிறகு கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் ஆறுதலாக இருந்து சாப்பிடுவதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நண்டுக் காலை அவ்வளவு ருசித்துச் சூப்புவாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. போடுகிற ஆளுக்குத்தான் பார்க்கிற வாய்ப்பும் கிடைக்கிறது போலும்.

அதோடு எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. அடுத்த நாள் முருங்கையிலைச் சுண்டல். அதற்கடுத்த நாள், பிரிஜ்ஜில் இருந்த மிச்ச நண்டை எடுத்து, தோளில் துவாயைப் போட்டு, திருவலையில் ஏறி இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

கீழ் மாடியில் இருக்கிற வீட்டுக்கார அம்மா. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"வாசம் கீழே வரைக்கும் வருதே! அம்மா இருக்காங்களா?"

"ஓம், பல்கனியிலை" என்றேன். சும்மா விடுவேனா? மறித்து வைத்து, ஆண் நண்டுக்கும் பெண் நண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் தொடங்கி, தேங்காயின் முதற்பாலை ஏன் கடைசியில் விட வேண்டும் என்பது வரை விளங்கப்படுத்தினேன். அகப்பையால் கொஞ்சம் அள்ளிக் கையில் விட்டேன். நக்கிப் பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு அவரும் மாக்கிறேற்றும் பல்கனியில் கனநேரம் குசுகுசுத்தார்கள். இடைக்கிடை என் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். இப்படி ஒரு மனுசன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் கதைக்கிறார்கள் என்று நினைத்து, நான் தேங்காயை இன்னும் உசாராகத் திருவினேன்.

ஊருக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நேரம், நிலாந்தி போன் எடுத்தாள்.

"அப்பா, வீடு பதிஞ்ச இணையத்தளத்திலை, தங்கின ஆக்களைப் பற்றி வீட்டுக்காரரும் எழுதுறவை. அந்த அம்மா உங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறா."

"சத்தமா வாசி பிள்ளை. அம்மாவும் கேக்கட்டும்."

மாக்கிறேற் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நிலாந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தாள்:

"'மிகவும் அன்பான, அமைதியான அம்மா. எப்போது வேண்டுமானாலும் வரலாம். கூட்டிக்கொண்டு வந்த சமையல்காரர் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறார். மற்றப்படி நல்ல மனிதர்.'"