துப்பாக்கி விளக்கு

ஆம்பூரில் நாற்றத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இந்த விதியை யாரும் எழுதிவைக்கவில்லை. எந்தப் பஞ்சாயத்தும் தீர்மானம் போடவில்லை. ஆயினும் சென்னை மெயில் நிலையத்துக்குள் நுழைகையில் பயணிகள் சடசடவென்று சன்னல்களை இறக்க, நடைமேடையில் நிற்கும் ஆம்பூர்க்காரர்கள் அந்தக் கணத்தில் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்கள். பாலாற்றங்கரை நெடுகத் தோல் ஊறும் ஊர் அது. சோறு போடுகிற தொழிலைக் குறை சொல்லலாகாது என்பது விதிக்கு ஒரு காரணம். மற்றொன்று, ஆறே மாதத்தில் இவ்வூர் மூக்கு உணர்வதை நிறுத்திவிடும் என்பது. உணராத ஒன்றைப் பற்றி என்ன பேசுவது?

'என் விளக்கு நாறுகிறதா?' என்னும் மூன்று சொற்களை எவரிடமும் கேட்க இயலாமல், 1921ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வாஹித் பாஷா பட்ட பாடு இந்த விதியால் விளைந்ததே.

வாஹித் பாஷா, ஹாஜி ரஷீத் அஹமதுவின் தோல்ஷாப்பில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் இறங்கி ஏறியவர். வேலூரில் ராணுவத்தின் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, குவியலிலிருந்து ஓர் இரும்புத் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். ஜெர்மன் சண்டைக்குப் போய்த் திரும்பிய தொப்பி. அதற்கு இரண்டு கடை தள்ளி, பழைய பாட்டில் விற்பவனிடம் கைத்துப்பாக்கி வடிவில் வார்த்த கண்ணாடிப் பாட்டில் ஒன்று இருந்தது; பெங்களூர் ராணுவத் தண்டில் எந்தத் துரையோ பிராந்தி குடித்து எறிந்தது. ஒரு கையில் தொப்பி, மறு கையில் பாட்டில். அந்த நொடியில் அவர் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

துப்பாக்கியின் வாய் மேல்நோக்க, அதை ஒரு மரக்கட்டையில் நிறுத்துவது. வயிற்றில் மண்ணெண்ணெய், வாயில் திரி. மேலே மூன்று கம்பிகளில் கவிழ்த்த தொப்பி. குண்டுக்குப் பதில் வெளிச்சம் சுடும் துப்பாக்கி!

ஹாஜி கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். "வர்ற புதன்கிழமை லண்டன் கம்பெனி துரை வர்றார். என் தோல்ல இருக்கிற ஆட்டுக்கொம்பு முத்திரை லண்டன்லயே பேசும்னு அவருக்குத் தெரியும். உன் விளக்கும் அவருக்குப் புடிச்சுதுன்னா, ரோட்டோரத்து ரூம் சாவி உன் கையில. குழியை விட்டுட்டு விளக்குக் கடை வச்சுக்க."

வாஹித் பாஷா அன்று வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினார்.

விளக்கை ஏற்றியதும் அவர் மனைவி முனவ்வர் பேகம் கைகொட்டிச் சிரித்தாள். பெங்களூரிலிருந்து மணமாகி வந்து மூன்றே மாதமாகிறது. ஊர் விதியை மட்டும் முதல் நாளே கற்றுக்கொண்டிருந்தாள்.

"மாஷா அல்லா! ரொம்ப ஜோரா இருக்குங்க."

தொப்பி சூடேறியது. முனவ்வர் மெல்ல எழுந்து சன்னலைத் திறந்தாள்.

"ஏன் தொறக்கிறே?"

"சும்மாத்தான். காத்து வரட்டும்னு."

சற்று நேரத்தில் கொல்லைக் கதவையும் திறந்தாள். பிறகு அந்தக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, "இங்கேர்ந்து பாத்தா இன்னும் அழகா இருக்குங்க" என்றாள்.

வாஹித் பாஷா ஆழ மூச்சிழுத்தார். ஒன்றுமில்லை. அவருடைய மூக்கு முகத்தின் ஒழுங்குக்காக மட்டும் அங்கிருந்தது. ஆனால் மனைவியின் மூக்கு பெங்களூர் மூக்கு, இன்னும் உயிரோடிருப்பது. எது நாறுகிறது என்று விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாட்டில்! பிராந்தி! ஐந்து வேளை தொழுகிற ஹாஜியின் கூடத்தில் பிராந்தி வாடை!

மறுநாள் குழியருகே முனிரத்தினத்தைப் பிடித்தார். முனிரத்தினம் சண்டையின் இரண்டாம் வருஷம், ராணுவத்துக்குத் தோல் வண்டி வண்டியாகப் போன அவசரத்தில் வெளியூரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்தவன்.

"டேய் முனிரத்தினம், ஒரு பாட்டிலைச் சுத்தம் பண்ணணும்."

"கழுவு பாய். இதுக்கு இன்னா ரோசனை?"

"கண்ணுக்குச் சுத்தமாத்தான் இருக்கு. அதுக்குக் கீழதான்..."

"வாயிக்கா?"

"அதுக்கு மேலடா!"

முனிரத்தினம் கண்ணையும் வாயையும் தொட்டு, நடுவில் இருப்பதைத் தொடாமல் கையை இறக்கினான். "பாய், அந்த எடத்தைப் பத்தி நம்மூர்ல பேசக்கூடாது."

"நான் பேசலையே. நீதான் பேசுறே."

"சரி வுடு. தோல்ல இருக்கிற மயிரையே கழட்டுற சுண்ணாம்பு, கண்ணாடியில இருக்கிறத வுட்டுடுமா? குழியில போடு."

இரண்டு நாள் சுண்ணாம்பில் கிடந்த துப்பாக்கி, பல் தேய்க்கும் சாம்பலைப் பூசிக்கொண்டதுபோல் வெளுத்து வெளியே வந்தது. அன்று மாலை முனவ்வர் பக்கத்து வீட்டுத் தோட்டத்திலிருந்து விளக்கின் அழகைப் பாராட்டினாள்.

வெளுப்பைப் போக்க முனிரத்தினமே அடுத்த வழியும் சொன்னான்: தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டைத் தண்ணீர். வெளுப்பு போயிற்று. ஆனால் பட்டைச் சாயம் கண்ணாடியில் படிந்து, காலிப் பாட்டில் பொன்னிறப் பிராந்தி கழுத்துவரை நிரம்பியதுபோல் தகதகத்தது.

"அடப்பாவி! காலியா இருந்த பாட்டிலை ரொப்பிட்டியேடா!"

"நான் இன்னா பாய் பண்ணேன்? பட்டை நல்ல பட்டை."

செவ்வாய்க்கிழமை, கடைசி ஆயுதமாக அத்தர் வந்தது. எண்ணெயில் கலந்தால் தீப்பிடிக்கும் என்று பயந்து, ஒரு குப்பி ரோஜா அத்தரைத் தொப்பியின் உட்புறம் முழுக்கத் தடவினார். தலை படும் இடத்தில் சுற்றிலும் ஒட்டியிருந்த தோல்பட்டை அதைத் தாகத்தோடு குடித்தது. விளக்கு எரிந்தது, தொப்பி சூடேறியது. முனவ்வர் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள்.

"நான் ரெண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வர்றேங்க."

"பெங்களூருக்கா? இப்ப எதுக்கு?"

"அம்மா மூச்சு வுடுறாங்களான்னு பாக்க."

விதி மீறப்படவில்லை. ஆனால் அதன் விளிம்பில் ஒரு கால் தொங்கியது.

புதன்கிழமை. ஹாஜியின் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன் நடுவே விளக்கு. பக்கத்தில் ரோட்டோரத்து அறையின் சாவி. லண்டன் துரையும், அவர் பேச்சைத் தமிழாக்கும் சென்னைத் துபாஷி ராமமூர்த்தியும் உள்ளே வந்தார்கள். மாதிரித் தோல்களைத் தூக்கிக் காட்ட முனிரத்தினம் சுவரோரம் நின்றான். சன்னல்கள் மூடப்பட்டன, சுடர் நன்றாகத் தெரியவேண்டுமல்லவா!

வாஹித் பாஷா திரியை ஏற்றினார். துப்பாக்கி வாயில் நெருப்பு பூத்தது. தொப்பிக்கடியில் வெளிச்சம் வட்டமாக விரிந்தது. துரை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார்.

"இந்த மாதிரி அதிசயத்தை லண்டன்லகூடப் பாத்ததில்லைன்னு சொல்றார்!" ராமமூர்த்திக்கும் குரல் உயர்ந்தது. "ஒரு டஜன் பண்ண முடியுமான்னு கேக்கறார்!"

ஹாஜியின் விரல் சாவியை நோக்கி நகர்ந்தது. இன்னும் ஒரு சாண், அரைச் சாண்...

தொப்பி சூடேறியது.

துரை கைக்குட்டையை எடுத்தார். ராமமூர்த்தியின் கண்களில் நீர் திரண்டது. கூடத்திலிருந்த ஆம்பூர்க்காரர்கள் அனைவரும் ஒருசேர மேலே பார்த்தார்கள். அங்கே வானம் இல்லாததால் உத்திரத்தை எண்ணினார்கள்.

ஹாஜி துரையின் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு பொன்னிறத் துப்பாக்கியை உற்றுப் பார்த்தார். விரல் சாவியின் மீது அப்படியே நின்றது.

"வாஹித். இது இன்னா பாட்டில்?"

"சாயபு, அது... பழைய பாட்டில்..."

"அதுல முன்னால இன்னா இருந்துச்சு?"

வாஹித் பாஷா விளக்கின் மேல் பாய்ந்தார். தொப்பியைக் கம்பியோடு கழற்றி மேசையில் மல்லாக்க வைத்தார். சுடரை அணைத்து, பாட்டிலை அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, எதிரிலிருந்த ஆற்று மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினார்.

துரையின் கைக்குட்டை இறங்கவில்லை. முன்பு ஒரு கையால் பிடித்திருந்தார். இப்போது இரண்டு கையால்.

"பாத்தியா?" ஹாஜி மேசையைத் தட்டினார். "பாட்டில் போயும் அதோட பாவம் போகலை. முப்பது வருஷமா என் முத்திரைக்கு ஒரு சொல் வந்ததில்லை. இன்னிக்கு என் வீட்டுக்குள்ளாற, துரை முன்னால, ஒரு பிராந்தி பாட்டிலால எனக்கு இந்த பேஜார்!"

"சாயபு, சுண்ணாம்புல போட்டேன், பட்டையில போட்டேன், அத்தர் போட்டேன்..."

"போதும்." ஹாஜி சாவியை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "இது பாட்டில் பண்ண வேலை இல்லேன்னு இந்தக் கூடத்துல யாராவது ஒருத்தன் சொல்லட்டும். சாவியை இப்பவே குடுத்துடறேன். இல்லைன்னா நாளைக்குக் காலையில நீ குழியில இறங்கு, சாகிற வரைக்கும்."

வாஹித் பாஷா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு முகமும் உத்திரத்தைப் பார்த்தது. சொல்வதென்றால் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். ஆம்பூரில் அதை யார் சொல்வார்?

மேசைமேல் மல்லாந்து கிடந்த தொப்பிக்குள், சூட்டில் பசை இளகிய தோல்பட்டை ஒரு பெருமூச்சோடு உரிந்து சுருண்டது. இத்தனை வருஷம் இரும்போடு ஒட்டியிருந்த அதன் பின்பக்கம் வெளியே திரும்பியது. முனிரத்தினம் சுவரைவிட்டு நகர்ந்து வந்து குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் கை, ஊரில் யாரும் தொடாத இடத்தை, தன் மூக்கை, அழுத்திப் பிடித்திருந்தது.

"சாவியை பாய்கிட்ட குடுத்துடுங்க முதலாளி, இந்தப் பட்டையில இருக்கிறது நம்ம ஆட்டுக்கொம்பு முத்திரை! சண்டை அவசரத்துல, முப்பது நாள் பட்டைத் தண்ணியில ஊற வேண்டிய தோலைப் பத்தே நாள்ல தூக்கச் சொன்னீங்களே, அப்ப நான் வேலைக்குச் சேந்த மொத வாரம், என் மூக்கு இன்னும் சாகலை, அன்னிக்கே இது இப்டித்தான் நாறுச்சு!"